இன்ஜின் ரூம், இரவுக்குத் தொள்ளாயிரம்

படகு போனது கடனுக்கு.
இன்ஜின் போனது படகோடு.
அது படுத்துக் கிடந்த அறை மட்டும்
கொல்லையில் மிச்சம்.
பத்துக்குப் பன்னிரண்டு,
தானே புயலுக்கு அப்புறம் போட்ட ஷீட்டு,
ஒரே சன்னல், அதுவும்
பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைப் பார்த்து.

நாள் வாடகைக்கு விடலாம் என்றாள் சங்கவி.
தவளக்குப்பம் வரைக்கும் எல்லாரும் விடுகிறார்களாம்.
"எவன் வந்து படுப்பான் இதுல" என்றார் அவர்.
அன்றிலிருந்து கொல்லைப் பக்கமே போகவில்லை,
பல் விளக்கக்கூட வாசலுக்குத்தான்.

குழுவில் நாற்பதாயிரம் எடுத்தேன்.
கொத்தனார் சவரிநாதன் முதல் நாளே சொன்னார்:
"செவுரு சரியாயிடும்க்கா. தரைதான் சந்தேகம்."
இருபது வருஷம் சொட்டிய எண்ணெய்
சிமெண்டுக்குள் குடியிருந்தது.
சோடா போட்டோம், மரத்தூள் போட்டோம்.
ஆசிட் ஊற்றிய அன்று என் மெட்டி கறுத்தது.
கடைசியில் டைல்ஸ் ஒட்டி மூடினோம்,
சங்கவி பிடிவாதமாகக் கேட்ட மேக நிறம்.
மறுநாள் மழை.
இடுக்கு வழியாக
இன்ஜின் மறுபடி மூச்சு விட்டது.

கட்டில் முத்தியால்பேட்டையில் பழசு.
வெஸ்டர்ன் கோப்பை புதுசு,
அதன் மூடிக்குத் தனி விலை என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
விளம்பரத்தில் சங்கவி எழுதினாள்:
கடற்கரைக்கு மூன்று நிமிட நடை.
உண்மைதான்,
ஐஸ் லாரி குறுக்கே நிற்காவிட்டால்.

முதலில் ஓசூர் ஜோடி.
அந்தப் பெண் மூக்கைச் சுருக்கி, "டீசலா?" என்றாள்.
கடல்காத்து என்றேன்.
இரண்டு நட்சத்திரம் குறைத்துவிட்டுப் போனார்கள்.
அப்புறம் நான்கு பையன்கள்.
பதினோரு பாட்டில், பழைய இரும்புக்காரன்
இருபத்திரண்டு ரூபாய் தந்தான்.

மூன்றாவதாக வந்தவர் தனி ஆள்,
ராசிபுரம், பெயர் செங்கோடன்.
ஜிப்மரில் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்,
டவுனுக்குள் ரூமெல்லாம் இரண்டாயிரம்.
பையை வைத்தார். செருப்பை வெளியே விட்டார்.
நான் ஊதுபத்தி தேடுவதற்குள்
காற்றை ஒருமுறை இழுத்துவிட்டுக் கேட்டார்:
"டூ ஸ்ட்ரோக்குங்களா? மண்ணெண்ணெயில ஓடுனது?"

கடல்காத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கொல்லைக் கதவு திறந்தது.
நைட் டியூட்டிக்குக் கிளம்பி,
ரிசார்ட் வாட்ச்மேன் சட்டையோடு
அவர் நின்றிருந்தார்.

செங்கோடன் நாற்பது வருஷம்
பம்புசெட் மோட்டார் பிரித்தவராம்.
அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது
பிளக், பிஸ்டன், உப்புத் தண்ணி, ஸ்பேர் விற்கிறவனின் திருட்டுத்தனம்.
டீ கொடுத்தேன். திரும்பக் கொடுத்தேன்.
ஒன்றரை மணிக்கு அவர்
வாயாலேயே இன்ஜினை ஓட்டிக் காட்டினார்.
கயிறு இழுத்ததும் வரும் இருமல்,
இன்னொரு இழுப்பு,
பிடித்துக்கொள்ளும் இரைச்சல்,
அலை தாண்டும்போது கம்மிப் போகும் குரல்.
தூங்கிக்கொண்டிருந்த சங்கவி எழுந்து உட்கார்ந்தாள்.
"அப்பா கிளம்பிட்டாரா?" என்றாள்,
பழைய தூக்கத்தில்.

காலையில் செங்கோடன் எண்ணிக் கொடுத்த பணத்தில்
இருநூறைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் இவர்.
போகாத டியூட்டிக்கு நானூற்றைம்பது வெட்டு.
திங்கட்கிழமை குழுத் தவணை.
சட்டைப் பையில் கை விட்டேன்,
ஒரு பழைய பிளக்தான் கிடைத்தது.

விரிப்பைத் துவைத்துப் போட்டேன்.
தலையணை உறையில் மட்டும்
கட்டை விரல் அளவுக்குக் கறுப்பு.
அவருடையதா இவருடையதா தெரியவில்லை.
மூன்று சோப்புக்கும் போகவில்லை.
சனிக்கிழமை பெங்களூர்க்காரர்கள் வருகிறார்கள்.
அந்தப் பக்கத்தைக்
கீழே திருப்பிப் போட்டுவிட்டேன்.